இணைவீட்டு மிதவை

சனிக்கிழமை காலை என்றால் மேட்டுப் புதுத்தெருவில் ஆட்களைத் தரையில் பார்க்க முடியாது. மாடியில்தான் இருப்பார்கள். அதுவும் அவரவர் வீட்டு மாடியில் இல்லை, எதிர்வீட்டு மாடியில். பல் துலக்கிய கையோடு ஒரு பழைய துணியையும் கிண்ணத்தில் புளிக்கரைசலையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து, அடுத்தவர் வீட்டு வெளிப்படிக்கட்டில் உரிமையோடு ஏறிப் போவார்கள். ஏறுகிறவர் "வந்தாச்சு" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் உள்ளேயே இருந்துகொள்ள வேண்டும். கூடவே ஏறி நின்று பார்ப்பது, உன்னை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். வேலை முடிந்ததும் "பாத்தாச்சு" என்று இன்னொரு குரல். சண்டைபோட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளில்கூட இந்த இரண்டு சொல் மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

ஜெபக்கனி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இட்லி மாவு அரைத்து விற்பது அவள் பிழைப்பு. தெருவுக்கே அவள் மாவுதான். கை அரிசியில் இருந்தாலும் காது கூரையில் இருந்தது.

"வந்தாச்சு தாயி" என்று வெளியே நயினார் அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"வாங்கண்ணாச்சி" என்றாள் உள்ளிருந்தே.

பிறகு கூரைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்க வேண்டும். டேங்கின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. படிக்கட்டின் அடியில் யாரோ உட்கார்ந்து மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மூடி திறந்து மிதவையைக் கழுவி மூட எவ்வளவு நேரம் ஆகுமோ, கணக்காக அவ்வளவு நேரம் கழித்து, "பாத்தாச்சு தாயி" என்றது குரல்.

"சரி அண்ணாச்சி."

அவர் பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பல சனிக்கிழமைகளாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

கடல் ஏறி வந்து துறைமுகத்துப் பழைய தெருக்களை விழுங்கிய பிறகு, தப்பித்தவர்கள் மேட்டில் கட்டிக்கொண்ட தெரு இது. முதலில் எல்லா ஊரையும் போல இங்கேயும் வீட்டுக்கு ஒரு மோட்டார், மாடியில் ஒரு டேங்க், டேங்குக்குள் ஒரு ஃப்ளோட் சுவிட்ச். சட்டத்தில் அதற்கு மிதவைவிசை என்று பெயர். தெருவில் வெறும் மிதவை. ஒயரின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் குடுவை, அதற்குள் ஓர் இரும்புக் குண்டு, குண்டு உருண்டு வந்து அமுக்குவதற்கு ஒரு சின்ன சுவிட்ச். தண்ணீர் இறங்கினால் குடுவை தொங்கும், மோட்டார் ஓடும். தண்ணீர் ஏறினால் குடுவை மிதந்து நிமிரும், மோட்டார் நிற்கும். போதும் என்றால் போதும் என்று சொல்லத் தெரிந்த கருவி. மனிதனுக்கு அது பொறுக்குமா? குடுவையின் கழுத்தில் கல்லைக் கட்டினான். கல் கட்டிய மிதவை எந்நேரமும் தொங்கும், மோட்டார் எந்நேரமும் ஓடும். ஒரு வீட்டில் டேங்க் வழிந்து சாக்கடைக்குப் போனது, நாலு வீடு தள்ளிக் குழாய் வெறும் காற்றை இருமியது. அரிவாள் எடுக்கிற அளவுக்குப் போன பிறகுதான் இணைவீட்டுச் சட்டம் வந்தது.

சட்டம் ரொம்ப எளிது. உன் வீட்டு நிலத்தடித் தொட்டிக்கு வருகிற தண்ணீர் உனக்கானது இல்லை. உன் மோட்டார் அதை எதிர்வீட்டு டேங்குக்கு ஏற்றும். எதிர்வீட்டு மோட்டார் உன் டேங்குக்கு ஏற்றும். தெருவுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் குழாய்கள் அதற்குத்தான். உன் டேங்கில் கிடக்கிற மிதவை அவர் மோட்டாருக்குச் சொந்தம், அதைக் கழுவிப் பராமரிப்பது அவர் பொறுப்பு. நீ அதில் கை வைக்கக் கூடாது. வைத்தால் திருட்டு. குடுவையின் தோலில் தொடுவுணரி இருக்கிறது. வீட்டுக்காரர் கை பட்டால் வாசல்விளக்கு சிவப்பாகிவிடும், தெருவே பார்க்கும். இணைவீட்டுக் கை வந்து தொட்டால்தான் மறுபடி பச்சை. கல் கட்டுகிற கையைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு.

ஆனால் வராத கையைப் பற்றி அந்த உணரி யாரிடமும் கோள் சொல்லாது. இணைவீட்டுக்காரர் ஒழுங்காக வருவதில்லை என்றால், தண்ணீர் கிடைக்காதவர்தான் தெருவின் நீர்நடுவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் இணை பிரிப்பார்கள். சொன்னவருக்கு வேறு இணை கிடைக்கும். ஏற முடியாதவருக்கு யார் இணையாக வருவார்கள்? அவரைப் பொதுமனைக்கு அனுப்பிவிடுவார்கள். நல்ல இடம்தான். வேளாவேளைக்குச் சோறு, வைத்தியம், எல்லாம் உண்டு. சொந்த வாசல் மட்டும் கிடையாது.

நயினார் அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நிலக்கரித் தூள் அவர் நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் வடதுருவத்தில், பனி உருகித் திறந்த துறைமுகம் ஒன்றில் வேலையில் இருந்தான். அண்ணாச்சியை யாராவது பொதுமனைக்குப் போகச் சொன்னால், "எங்கூரு கடலுக்குள்ள போயிட்டு. வீடும் போவணுமாக்கும்?" என்று கேட்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

ஜெபக்கனியின் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. அவள் டேங்கில் மிதவையின் மேல் உப்புப் பொருக்கு ஏறி அது உள்குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கினாலும் மிதவை லேசில் இறங்குவதில்லை. டேங்க் நிறைந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டு எதிர்வீட்டு மோட்டார் சும்மா கிடந்தது. உளுந்து ஊறவைத்த தண்ணீரை எடுத்துப் பாத்திரம் கழுவி, பாத்திரம் கழுவியதை வாசலில் தெளித்து, அவள் எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அரிசியை மூடிவைத்துவிட்டுத் துணியும் புளிக்கரைசலுமாக அவள் தெருவைக் கடந்தாள். இப்போது அவள் முறை.

"வந்தாச்சு அண்ணாச்சி."

"ஏறு தாயி."

அண்ணாச்சி வீட்டு மாடியில் டேங்கின் மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். போன வாரம் எப்படி இருந்ததோ அப்படியே, கழுத்து வரை தண்ணீர். அசையாத தண்ணீர். மிதவை நிமிர்ந்து கிடந்தது. ஒருவேளை ரிப்பேரோ என்று குடுவையைக் கையில் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளே குண்டு உருண்டது. தெருவுக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டு மோட்டார் உறுமியது. நிமிர்த்தினாள், நின்றது. மிதவையில் ஒரு குறையும் இல்லை. தண்ணீரை யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. தன் வீட்டு மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எதிர்வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். நெடுநேரம் ஓடினால் விருந்தாள். அரைமணிக்கு ஒருதரம் விட்டுவிட்டு ஓடினால் பிள்ளைக்கு வயிற்றுக்கோளாறு. காலையில் ஓடாவிட்டால் புருஷன் பெண்டாட்டி சண்டை, யாரும் குளிக்கவில்லை. ஜெபக்கனியின் கணவர் கடலோடு போன வருஷத்தில், அவளுக்கு ராத்திரியும் பகலும் ஒன்றாகக் கிடந்த நாட்களில், விடியற்காலை அவள் மோட்டார் ஓடும். எதிரே அண்ணாச்சி குளிக்கிறார் என்று அர்த்தம். அவள் வீட்டுத் தண்ணீரில் ஒரு மனுஷன் குளித்து, பொங்கித் தின்று, இருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் எழுந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இதையெல்லாம் போய் யாரிடம் சொல்வது?

அந்த மோட்டார்தான் இப்போது ஊமையாகிக் கிடந்தது.

"பாத்தாச்சு" என்று இறங்கி வந்தவள், வழக்கத்துக்கு மாறாக வாசலில் நின்றாள். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்திருந்தார். சட்டை மொடமொடவென்று இருந்தது. உப்புத் தண்ணீரில் அலசிய துணி அப்படித்தான் காயும்.

"ஏன் அண்ணாச்சி, வெளியூர் போயிருந்தீயளோ? எம் மோட்டாரே ஓடலையே."

"சிக்கனமா இருக்கேன் தாயி."

"சிக்கனம்னா குளிக்காமயா?"

"குளிக்காம யாரு கிடக்கா? நீ போயி கடையப் பாரு."

கதவுக்குப் பின்னால் ஒரு குடம் இருந்தது. அதன் வாயைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தெருமுனையில் ஓர் அடிகுழாய் உண்டு, சாக்கடை கழுவுவதற்கென்று விட்டு வைத்தது. கடல் ஊறி வருகிற தண்ணீர், மாடுகூடக் குடிக்காது. மூச்சுக்கு அவ்வளவு பாடுபடுகிறவர் அதை அடித்து, தூக்கி வந்து, குளித்திருக்கிறார். ஏன் என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். கேட்பதற்கு முன்பே புரிந்துவிட்டது. மாடி ஏறி அவள் மிதவையைப் பார்க்க அவரால் முடியவில்லை. அவர் மோட்டார் அவளுக்குத் தண்ணீர் ஏற்றவில்லை. ஏற்றாதவன் எடுக்கவும் கூடாது என்று, அவள் ஏற்றிய தண்ணீரில் ஒரு சொட்டைக்கூடத் தொடாமல் இருக்கிறார்.

சட்டம் எழுதியவர்கள் அதிகமாக எடுக்கிற கையை மட்டும்தான் நினைத்துப் பார்த்திருந்தார்கள். எடுக்காத கைக்கு அவர்களிடம் ஒரு விளக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்த ஜெபக்கனி நெடுநேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். நீர்நடுவரிடம் சொன்னால் மனுஷனை வீட்டைவிட்டுக் கிளப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் உப்புத் தண்ணீரிலேயே கிடப்பார். அவர் மோட்டார் மட்டும் ஓடினால் போதும் என்று தோன்றியது. மோட்டார் ஓடுகிற சத்தம் அவர் காதில் விழுந்தால், நானும் கொடுக்கிறேன் என்று மனசு ஆறி, குழாயைத் திறப்பார்.

மத்தியான வெயிலில் தெரு கண்ணயர்ந்த நேரம் பார்த்து அவள் தன் மாடிக்கே ஏறினாள். கையில் மாவு கலக்குகிற நீளக்காம்பு அகப்பை. டேங்கின் மூடியைத் திறந்து, அகப்பையால் மிதவையை நெம்பினாள். மரத்துக்கு ஏது கைரேகை? உணரி பேசாமல் இருந்தது. பொருக்கு கொஞ்சம் உதிர்ந்தது. குடுவை சரிந்து தொங்கியது. எதிரே அண்ணாச்சி வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கியபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தண்ணீர் வந்து விழுந்ததும் குடுவை எழும்பி, மறுபடி அதே இடத்தில் ஒட்டிக்கொண்டது. நெம்பினாள், ஓடியது, ஒட்டியது. பொருக்கைச் சுரண்டி எடுக்காமல் ஆகாது. அகப்பையால் சுரண்ட முடியாது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கையை விட்டு மிதவையைப் பிடித்து, ஒரு ஓரத்தைச் சுரண்டினாள். அவ்வளவுதான், கீழே வாசல்விளக்கு சிவப்பாக எரிந்தது.

தெருவுக்குத் தூக்கம் கலைய அதிக நேரம் ஆகவில்லை. ஜெபக்கனியா, நம்ம மாவுக்காரியா என்று ஆளாளுக்கு வாசலில் வந்து நின்றார்கள். "கடைக்குத் தண்ணி பத்தல போல" என்று ஒருத்தி. "கேட்டா நாம தரமாட்டமா?" என்று இன்னொருத்தி. தெருவின் நீர்நடுவர் மைமூன் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்து சேர்ந்தாள். பேச்சு கறாராக இருக்கும், மனசு கெட்டது இல்லை. ஜெபக்கனியிடம் தினமும் மாவு வாங்குகிறவள்.

"என்ன கனி இது? உன் மேல எனக்கு இப்படி ஒரு நெனப்பே வந்ததில்லையே" என்றாள்.

"ஆசப்பட்டுட்டேன்க்கா. கடைக்குத் தண்ணி பத்தல. கூட கொஞ்சம் கிடைக்கட்டும்னு தொட்டுட்டேன்."

"சனிக்கிழம நயினார் அண்ணாச்சி வந்து பாத்தாகளா இல்லையா?"

"பாத்தாவளே. நல்லாப் பாத்தாவ."

வாழ்க்கையில் அதிகம் பொய் சொல்லிப் பழகாதவள் அவள். சொல்லும்போதே காது சிவந்தது. மைமூன் அவளை உற்றுப் பார்த்தாள். ஏதாவது கேட்பதற்குள் கூட்டம் விலகியது. நயினார் அண்ணாச்சி கதவைப் பிடித்து, தூணைப் பிடித்து, நடந்து வந்திருந்தார்.

"அவ பொய் சொல்லுதா மைமூன்" என்றார். மூச்சு வாங்கியது. கொஞ்சம் நின்று தொடர்ந்தார். "நான் பாக்கல. நாலு படி ஏறினா நெஞ்சு அடைக்கி. கீழ உக்காந்துக்கிட்டு பாத்தாச்சு பாத்தாச்சுன்னு கூப்பாடு போட்டேன். களவாணி நான். விளக்கு எரிய வேண்டியது எம் வீட்டுல."

தண்ணீர் பத்தவில்லை என்று பேசியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மைமூன் ஒரு பெருமூச்சு விட்டாள். "அண்ணாச்சி, விளக்கு எரிஞ்சா என் கையில ஒண்ணும் இல்ல. இன்னைக்குப் பொழுது அடையறதுக்குள்ள இணைவீட்டுக் கை மிதவையத் தொடணும். தொட்டாச்சுன்னா நான் எதையும் பாக்கல, கேக்கல. இல்லைன்னா இணை பிரிஞ்சிரும். அப்புறம் உங்களுக்கு..." என்று நிறுத்தினாள். மிச்சத்தை எல்லோரும் அறிவார்கள்.

"இப்பவே ஏறுதேன்" என்றார் அண்ணாச்சி.

வேண்டாம் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஒரு படி, நின்று இன்னொரு படி. வழக்கப்படி ஜெபக்கனி உள்ளே போயிருக்க வேண்டும். அவள் போகவில்லை. கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதி ஏறியதும் அவர் கால் மடங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. அவள் ஓடி ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எறங்குங்க அண்ணாச்சி."

"ஏறிருவேன். மூச்சு வாங்கிக்கிடுதேன்."

"ஏறிருவீய. அடுத்த சனிக்கிழம?"

அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"இத்தன நாளு ஏமாத்திருக்கேன். நீ ஏன் தாயி மைமூன்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் குழாயத் தொறக்கல?"

"குடுக்காதவன் எப்படி வாங்குதது? ஒரு மொற இருக்குல்லா."

"என்ன பெரிய மொற?" ஜெபக்கனிக்குக் குரல் உடைந்தது. தெரு முழுக்கக் கேட்கிறது என்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. "அவிய கடலோட போன பொறவு, விடியக்காலம் எம் மோட்டாரு ஓடுத சத்தத்தக் கேட்டுத்தான் நான் எந்திச்சேன். எதுக்க ஒரு ஆளு குளிக்காவ, பொங்குதாவ, இருக்காவன்னு. அது ஓடலைன்னா எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. வாங்குததும் குடுக்குததுதான். அது ஏன் உங்களுக்குத் தெரிய மாட்டேங்கு?"

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். பிறகு கீழே நிற்கிற ஆட்களைப் பார்த்தார். கிரேனில் இருந்து எத்தனையோ பாரத்தைத் தூக்கி இறக்கியவர், இந்த ஒன்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் ஆசதான் தாயி" என்றார் மெதுவாக. "ஏற முடியலையே."

ஜெபக்கனி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேலே பார்த்தாள். டேங்க் அங்கே கறுப்பாகக் குந்தியிருந்தது. நீங்கள் ஏற வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஆனால் மிதவை மேலேதான் கிடக்கிறது. ஏன் மேலே கிடக்கிறது? டேங்க் மேலே இருப்பதால். டேங்க் ஏன் மேலே இருக்கிறது? எல்லோர் வீட்டிலும் மேலே இருப்பதால்.

"மைமூன்க்கா, டேங்கு மாடியிலதான் இருக்கணும்னு சட்டத்துல இருக்கா?"

மைமூன் யோசித்தாள். சட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். உதட்டை அசைத்து மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். "வீட்டின் நீர்த்தொட்டின்னுதான் இருக்கு. எங்க வைக்கணும்னு இல்ல. ஆனா கனி, கீழ வச்சா குழாயில தண்ணி வராது. ஒவ்வொரு குடமா மொண்டுதான் தூக்கணும். நாள் முழுக்க மாவு அரைக்கிறவ நீ."

"தூக்குதேன்."

"இடுப்பு ஒடிஞ்சிரும்டி."

"ஒடிஞ்சா மாவுக்கட்டுப் போட்டுக்கிடுதேன். மாவுதான் நம்மகிட்ட நெறய இருக்கே."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு தெரு அசைந்தது. சற்றுமுன் வாய்க்கு வந்ததைப் பேசியவர்கள்தான் முதலில் படியேறினார்கள். மனசு உறுத்தினால் கை வேகமாக வேலை செய்யும் போலிருக்கிறது. நல்லவேளையாக டேங்க் ஏறக்குறைய காலி. ஒருத்தர் குழாயைக் கழற்ற, ஒருத்தர் கயிறு கட்ட, பக்கவாட்டுச் சுவரோடு அது ஆடி ஆடி இறங்கியது. அண்ணாச்சி படியில் உட்கார்ந்தபடியே, "இடப்பக்கம் தளத்து! தளத்துங்கேன்! ஏய், அந்தக் கயித்த விடாத!" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவர் குரலில் அத்தனை தெம்பு வந்து நாளாகிவிட்டது. முற்றத்தில் நாலு செங்கல் அடுக்கு வைத்து, அதன் மேல் டேங்கை உட்கார வைத்தார்கள். எதிர்வீட்டுக் குழாயை நீட்டி அதில் சொருகினார்கள். வாய் இடுப்புயரத்தில் இருந்தது.

அண்ணாச்சியைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்தாள் ஜெபக்கனி. அவர் தோளிலிருந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டார். உணரி அவர் கையை மறக்கவில்லை. வாசலில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அதை யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று தெரியாது. எல்லோரும் அவர் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. புளிக்கரைசலைத் தடவி, ஊறவிட்டு, நகத்தால் பொருக்கைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். ஒயரில் முறுக்கு இருக்கிறதா என்று நீவிப் பார்த்தார். குழாயில் இடிக்காதபடி குடுவையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார். கையை எடுத்ததும் அது தளர்ந்து தொங்கியது. எதிர்வீட்டில் மோட்டார் ஓடியது. தண்ணீர் வந்து டேங்கின் அடியில் சடசடவென்று விழுந்தது.

"பாத்தாச்சு தாயி" என்றார் அண்ணாச்சி.

தெரு கலைந்தது. ஜெபக்கனி குடம் குடமாக மொண்டு தூக்கி, பழைய பாக்கிக்கெல்லாம் சேர்த்துப் பாத்திரம் கழுவி, அரிசியை மறுபடி களைந்து ஊறப்போட்டாள். இடுப்பு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். காது மட்டும் தன் மோட்டாரிடமே இருந்தது. வெயில் தாழ்ந்தது. மோட்டார் ஓடவில்லை. காலையில் அண்ணாச்சி டேங்க் நிறைந்திருந்தது, அது இறங்க நேரமாகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் ஆனது. அவர் கதவுக்குப் பின்னாலிருந்த குடத்தோடு தெருமுனைப் பக்கம் ஓர் உருவம் மெல்ல நகர்வதைப் பார்த்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

அவள் தெருவைக் கடந்து போய்க் குடத்தைப் பிடுங்கினாள்.

"இல்ல தாயி, பழக்கத்துல..." என்றார் அண்ணாச்சி.

"உள்ள வாங்க."

அவரை இழுக்காத குறையாகக் கூட்டிவந்து, நேரே அவர் வீட்டு அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். குழாய் முதலில் செருமியது, சிவப்பாகத் துரு கக்கியது, பிறகு தெளிந்தது. ஒரு வாளி நிரம்பியது. இன்னொரு வாளி. குடத்தைக் கழுவி நிரப்பினாள். பரணிலிருந்து அண்டாவை இறக்கி நிரப்பினாள். சருவம், சட்டி, அண்ணாச்சியின் மனைவி ஆசையாக வாங்கி வைத்து ஒருநாளும் எடுக்காத எவர்சில்வர் தூக்குவாளி, எல்லாவற்றையும் நிரப்பினாள்.

"தாயி, எதுக்கு இவ்வளவும்? வீணாப் போவும்" என்று பின்னாலேயே வந்தார் அவர்.

"ஒண்ணும் வீணாப் போவாது. காலையில செடிக்கு ஊத்துங்க. நான் வந்து எடுத்துக்கிடுதேன். தெருவுல குடுங்க. என்னமும் செய்யுங்க."

வீட்டில் இனி நிரப்ப ஒரு டம்ளர்கூட இல்லை. குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எதிரே அமைதியாக இருந்தது. மிதவை தொங்குகிற அளவுக்குத் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை.

"எல்லாப் பாத்திரமும் நெறஞ்சு போச்சு அண்ணாச்சி" என்றாள். "இனி நீங்க குளிச்சாத்தான் எம் மோட்டாரு ஓடும்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். மொடமொடத்த சட்டையின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. அப்புறம், ஊரைக் கேட்டு உத்தரவு வாங்குகிறவர் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வெந்நி போட்டுக்கிடட்டுமா தாயி?"

"போட்டுக்கிடுங்க. நல்லாச் சூடாவே போட்டுக்கிடுங்க."

அவர் குளியலறைக்குள் போனார். ஜெபக்கனி வெளியே வந்து அவர் வாசல்படியில் உட்கார்ந்தாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாளி நிரம்பும் சத்தம், செம்பு மோதும் சத்தம், முதல் செம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும் வயசான மனுஷர் ஒருவர் "ஆ..." என்று மூச்சு விடும் சத்தம். பிறகு செம்பு செம்பாக, அவசரமில்லாமல், குளித்துக்கொண்டே இருந்தார். அவள் அரைக்க வேண்டிய உளுந்து எதிரே அவள் வீட்டில் ஊறிக்கொண்டிருந்தது. எழுந்து போக மனம் வரவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத அவள் வீட்டில், மோட்டார் ஓடத் தொடங்கியது. ஜெபக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது ஓடி முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.